பெரிய கன்டன்சர் போட்டால் தண்ணீர் அதிகம் வருமா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கும் கொல்லைக்கும் சேர்த்து போரில் 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் போட்டிருக்கிறோம். பேனல் பெட்டியில் 50 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) அளவுள்ள கன்டன்சர் உப்பிவிட்டது. பச்சைப் பட்டனை அழுத்தும்போது மோட்டார் எடுக்கிறது. விட்டதும் உறுமி, ஆம்ஸ் ஏறி, ட்ரிப் ஆகிறது. கடைக்காரர், "72 போடுங்க, லோ வோல்டேஜ்லயும் எடுக்கும், தண்ணியும் வேகமா வரும்" என்கிறார். மெக்கானிக் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். 50 இருந்த இடத்தில் 50-தான் போட வேண்டும். அதற்கு முன், மோட்டார் வாங்கியபோது கொடுத்த புத்தகத்தில் எத்தனை எம்.எஃப்.டி. என்று பாருங்கள். இதற்கு முன்பே யாராவது மாற்றிப் போட்டிருந்தால், பெட்டியில் இருப்பதை நம்ப முடியாது.

மோட்டார் சுற்றும் வேகத்தைத் தீர்மானிப்பது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். கன்டன்சரைப் பெரிதாக்கி அந்த வேகத்தைக் கூட்ட முடியாது, தண்ணீரும் கூடாது. கூடுவது ஸ்டார்ட்டிங் காயிலில் ஓடும் கரண்டும் சூடும்தான். நாளடைவில் காயில் எரியலாம். பிறகு மோட்டாரைத் தூக்கும் கூலி, காயில் கட்டும் கூலி, மறுபடி இறக்கும் கூலி. 72 விற்றவர் அதில் ஒரு பைசா தரப்போவதில்லை.

லோ வோல்டேஜுக்கும் அது மருந்தில்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் இழுவை ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருடங்களில் குறுவைக்காரர்கள் எல்லோரும் போரை நம்பி ஒரே நேரத்தில் மோட்டார் போடுகிறார்கள். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வரும்? டிரான்ஸ்ஃபார்மர் கொள்ளளவைக் கூட்டச் சொல்லி மனு கொடுத்தால் வருடக்கணக்கில் பதில் வருவதில்லை. அந்தக் குறையைக் கன்டன்சர் வியாபாரிகள் காசாக்குகிறார்கள். வோல்ட் மீட்டர் முள் இறங்கியிருந்தால் மோட்டாரைப் போடாதீர்கள். இரவில் வோல்டேஜ் ஏறியதும் போடுங்கள்.

வாங்கும்போது மேலே 440 வோல்ட் என்று இருக்கிறதா, மோட்டார் கன்டன்சருக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2993 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது இந்தக் கன்டன்சரின் மேல் விழும் வோல்டேஜ் 230-ஐத் தாண்டும். அதனால் 250 வோல்ட் கன்டன்சர் விலை மலிவு என்று வாங்கினால் சீக்கிரமே உப்பும்.

கடையில் 50 இல்லையென்றால் மட்டும் ஒரு வழி உண்டு. 25 எம்.எஃப்.டி., 440 வோல்ட் கன்டன்சர் இரண்டை வாங்கி, பக்கத்தில் பக்கமாக, அதாவது பேரலலாக இணைக்கலாம், கூட்டினால் 50. ஆனால் ஒன்றின் முடிவில் மற்றொன்றைத் தொடர்ச்சியாக இணைத்தால் 12.5 ஆகிவிடும், மோட்டார் சரியாக ஓடாது. இணைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கையை வைக்கவிடுங்கள். 36-ஐயும் 36-ஐயும் சேர்த்து 72 ஆக்கிவிட்டு, "கிட்டத்தட்ட சரிதான்" என்பவரிடம் விடாதீர்கள்.

பெட்டியில் கறுப்பாக இன்னொன்று இருக்கும். அது ஸ்டார்ட்டிங் கன்டன்சர். இரண்டு மூன்று விநாடிதான் வேலை செய்ய வேண்டும். அது வெடித்தால், புதிதாகப் போடுமுன் பச்சைப் பட்டனின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதியதும் வெடிக்கும்.

பெட்டி முழுவதையும் மாற்றுவது, கான்டாக்ட் எரிந்து, டெர்மினல் உருகியிருந்தால் மட்டும். அப்படி வாங்கினாலும், '1 முதல் 1.5 எச்.பி.' என்று பொதுவாக எழுதியதை எடுக்காதீர்கள். கடையிலேயே மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் எம்.எஃப்.டி. உங்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ட்ரிப் ஆகிறதே என்று ஓவர்லோடை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் கருவியை) திருகிக் கூட்டிவைக்க யாரையும் விடாதீர்கள்.

கன்டன்சரைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தட்டிக் காட்டுவது இங்கே வழக்கம். தீப்பொறி கண்ணில் தெறிக்கும். ஒரு குண்டு பல்ப் மாட்டிய ஹோல்டரில் இரண்டு வயர் கட்டி, கன்டன்சரின் இரண்டு முனைகளில் வைத்தால் போதும், இறங்கிவிடும். மாற்றியபின், தண்ணீர் நன்றாக வரும்போது ஆம்ஸ் எவ்வளவு என்று பார்த்து, பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள். மோட்டார் தகட்டில் இருப்பதைவிட அது கூடுதலாக இருந்தால், அன்றே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேபிளையும் காயிலையும் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியால்) பார்க்கச் சொல்லுங்கள்.