சிகிச்சை யாருக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்?

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 35, மனைவிக்கு 31. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உசிலம்பட்டியில் விதை, உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டுகளாக மதுரையில் குழந்தைக்காகச் சிகிச்சை பெறுகிறோம். எனக்கு விந்தணு எண்ணிக்கை மிகவும் குறைவு. இரண்டு முறை பரிசோதித்தும் 40 லட்சத்தைத் தாண்டவில்லை. மனைவிக்குத் தைராய்டு இருக்கிறது, மாத்திரையால் கட்டுக்குள் உள்ளது, வேறு குறை எதுவும் இல்லை. விந்தணுவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையை மூன்று தடவை செய்தும் பலன் கிடைக்கவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்ததும் சோதனைக்குழாய் முறைகளில் ஒன்றான இக்ஸி செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் நண்பர் ஒருவர் அண்ணாநகரில் ஓர் அக்குபங்சர் நிலையத்தைச் சொன்னார். கணவன் மனைவி சேர்ந்து பத்து சிட்டிங் வந்தால் குழந்தை நிச்சயம், அதுவரை ஆங்கில மருந்துகளை அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். ஒரு சிட்டிங்குக்கு ஆளுக்கு 600 ரூபாய். தை மாதம் என் தங்கையின் வளைகாப்பிலிருந்து பாதியில் திரும்பி வந்த நாள் முதல் மனைவி சரியாகப் பேசுவதில்லை, தூங்குவதும் இல்லை. அந்த மன இறுக்கமாவது இதனால் குறையும் என்று நினைக்கிறேன். அப்பா இறந்த பிறகு கடையையும் எங்களையும் தனி ஆளாகக் காப்பாற்றிய அம்மா மனம் உடைந்துவிடுவார் என்பதால், வீட்டில் அவளுக்குத்தான் சிகிச்சை என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவும் அவளை மாதந்தோறும் சஷ்டி விரதம் இருக்கச் சொல்லி, திருப்பரங்குன்றத்துக்கு அழைத்துப் போய் ஆறுதலாகத்தான் நடந்துகொள்கிறார். நாங்கள் இருவரும் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், உசிலம்பட்டி

பதில்:

தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அது எளிது.

2002-ஆம் ஆண்டு ஜெர்மனியில் 160 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சோதனைக்குழாய் முறையில் உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பும் பின்பும் அக்குபங்சர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 42 பேரும், செய்துகொள்ளாதவர்களில் நூற்றுக்கு 26 பேரும் கருவுற்றார்கள். இந்த ஆய்வைக் காட்டித்தான் பலரும் நம்பிக்கை ஊட்டுகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய ஆய்வு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியானது. அதில் ஒரு பாதியினருக்கு உண்மையான ஊசியும், மறுபாதியினருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசியும் வைத்தார்கள். குழந்தை பெற்றவர்கள் உண்மை ஊசிக்காரர்களில் 18.3 விழுக்காடு, போலி ஊசிக்காரர்களில் 17.8 விழுக்காடு. இதை வேறுபாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலும் இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஊசி வைத்துக்கொண்டவர்கள் பெண்கள்தான். ஆணின் விந்தணு எண்ணிக்கையை அக்குபங்சர் உயர்த்தும் என்று நம்பிச் சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் கிடையாது.

ஆகவே, குழந்தைக்காக என்றால் அந்தப் பணம் வேண்டாத செலவு. அரை மணி நேரம் ஓர் அமைதியான அறையில் கண்மூடிப் படுத்திருப்பது உங்கள் மனைவிக்கு இதமாக இருக்கும், அவளே அதை விரும்புகிறாள் என்றால் போகட்டும். ஒருவருக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன் உறை பிரித்து எடுக்கும் இடமாக இருக்க வேண்டும், உங்கள் மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் "நிச்சயம்" என்று வாக்குக் கொடுத்து, மருந்தை நிறுத்தச் சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் கரு தங்குவதும் கடினம், தங்கிய கரு கலையும் அபாயமும் கூடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே ஏன் கொடுக்கிறார்கள் என்றால், குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழல், கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அந்தப் பெண் உணர்ந்து பரிசோதிப்பதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இதையெல்லாம் பத்து சிட்டிங்குக்காக நிறுத்தச் சொல்கிறவர், அதன் விளைவை உங்கள் மனைவியின் உடல்மீது ஏற்றிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வார்.

உங்கள் கேள்விக்கான பதில் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவது, நீங்கள் கேள்வியாகவே நினைக்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி.

"வீட்டில் அவளுக்குத்தான் சிகிச்சை என்று சொல்லி வைத்திருக்கிறோம்."

பல ஆண்டுகளாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். எழுதுகிறவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, வாக்கியம் மாறுவதில்லை. "சொல்லி வைத்திருக்கிறோம்" என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? உங்கள் அம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொன்னது நீங்கள். உங்கள் மனைவி பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாள். கணவன் சொன்னதை மாமியார் முன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள கீழ்வரம்பு. உங்களுக்கு இருப்பது 40 லட்சம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கண்பார்வை குறைவது போல இதுவும் உடலின் ஒரு குறை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது. இக்ஸி என்கிற முறை, விந்தணு மிகக் குறைவாக உள்ள ஆணும் தன் சொந்தக் குழந்தையைக் காண வேண்டும் என்பதற்காகவே பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் அந்த முறையில் கருவுற்ற முதல் பெண்களைப் பற்றி 1992-இல் பெல்ஜியத்து மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

அந்தச் சிகிச்சையில் யார் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார், நான் இன்னொரு முறை சொல்கிறேன். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு உங்கள் மனைவி தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஸ்கேனுக்காக உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருவாள். கருமுட்டைகள் முதிர்ந்ததும் இன்னோர் ஊசி, அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை எடுப்பார்கள். சிலருக்குக் கருமுட்டைப் பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையிலேயே படுக்க வேண்டி வருகிறது. கருவை வைத்த பிறகு, கரு தங்குவதற்கான புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து வாரக்கணக்கில். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மூடிய அறையில் விந்தணு கொடுப்பது. உங்கள் குறைக்காக அவள் தன் உடலைக் கொடுக்கிறாள், தம்பி. அதற்கு நன்றியாக வீட்டில் அவளுக்குக் கிடைத்திருப்பது மலடி என்ற பெயர்.

அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வளைகாப்பில் என்ன நடந்தது என்று விசாரித்தீர்களா? நம் பக்கத்து வளைகாப்புகளை நான் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சந்தனம் பூசவும் வளையல் போடவும் பிள்ளை பெற்ற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ஒருத்தியை மட்டும் கூப்பிடாமல் விடுவார்கள், அல்லது அவள் தட்டைத் தொடப் போகும்போது "நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அன்பாகத் தடுப்பார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடல் நலமாக உள்ள ஒரு பெண், தன் நாத்தனாரின் வளைகாப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். தன்மேல் இல்லாத குறைக்காகச் சபையில் ஒதுக்கப்பட்டவள், உண்மையைச் சொல்லவும் முடியாமல் வீடு திரும்பியிருக்கிறாள். அவள் தூங்காததற்கு நீங்கள் ஊசி வைக்க ஆள் தேடுகிறீர்கள்.

சஷ்டி விரதத்தையும் ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அறியாமல் செய்கிறார், அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் முருகன்மீது பக்தி உண்டு, விரதத்தைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று சொல்லி அந்தப் பெண்ணை மாதந்தோறும் பட்டினி போடுவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் கடைக்குக் கிளம்பிப் போகிறீர்களே, ஒரு நாளாவது அவளோடு சேர்ந்து விரதம் இருந்தீர்களா? இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அம்மா மனம் உடைந்துவிடுவார் என்பது உங்கள் வாதம். கணவனை இழந்து, தனி ஆளாகக் கடையைக் காப்பாற்றிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர் என்று நீங்களேதான் எழுதுகிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு பரிசோதனைத் தாளைத் தாங்கும் தெம்பு இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தாங்க முடியாதது உங்களுக்குத்தான். அதை அம்மாவின் பெயரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். தாயைக் காப்பாற்றுவது மகனின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாயை உண்மையிலிருந்து காப்பாற்றுவதற்காக மனைவியின் மானத்தைக் கொடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் அடுக்காது. ஒரு வீட்டில் பிறந்த பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, அந்த வீட்டுக்குள் அவளுக்கு முதல் அரண் கணவன்தான். இக்ஸி தொடங்குமுன் இருவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. மருத்துவமனையில் இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒருத்தியின் பெயரை மட்டும் சொல்வீர்களா?

முதலில் மனைவியிடம் பேசுங்கள். "அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன், உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். உங்கள் மரியாதை குறையுமே என்று அவளே தடுத்தாலும் தடுப்பாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்வாங்காதீர்கள். பிறகு அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள்: "அம்மா, குறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான் அவ இத்தனை ஊசியும் போட்டுக்கிறா." விளக்கம் அதற்குமேல் வேண்டாம். அழுதால் அழட்டும், கூட இருங்கள். தங்கைக்கும் நீங்களே சொல்லுங்கள், மனைவி வாயால் அது வரக் கூடாது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விந்தணு உருவாகச் சுமார் 70 நாள்கள் ஆகும் என்பதால், இன்று நீங்கள் விடும் கெட்ட பழக்கம் இரண்டரை மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். புகை, புகையிலை பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பூச்சிமருந்தோடு நாள் முழுக்கப் புழங்குவதை மருத்துவரிடம் சொன்னீர்களா? விரைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல் இருக்கிறதா என்று சிறுநீரகவியல் மருத்துவர் யாராவது கையால் பரிசோதித்தாரா? அக்குபங்சருக்காக எடுத்து வைத்திருக்கும் 12,000 ரூபாயில் இதை முதலில் செய்யுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உறவெல்லாம் மதுரையில் கூடும். "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று உங்கள் மனைவியைத்தான் ஒவ்வொருவரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இந்த முறை அவள் தலைகுனிந்து நிற்கக் கூடாது. ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே அம்மாவிடம் பேசிவிடுங்கள். பேசிய பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு கடிதம் வர வேண்டும். அதை உங்கள் மனைவி எழுதட்டும்.