தையல் கேள்வி - பதில்

கேள்வி: பழைய டி-ஷர்ட்டுகளில் போர்வை தைக்கிறேன். அட்டை வைத்து வெட்டியும் சதுரங்கள் கோணலாகின்றன. ஏன்?

பதில்: டி-ஷர்ட் பின்னல் துணி. வெட்டியதும் ஓரம் சுருளும், குறுக்கே இழுபடும். முதலில் துவைத்துக் காயவைத்து, 15 அங்குலத்துக்கு உத்தேசமாக வெட்டுங்கள். பின்பக்கம், சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை 14 அங்குலத்தில் வைத்து (பெரிதானால் பசை மேஜையில் ஒட்டும்) இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்த்தீர்களோ, துணி இழுபட்டபடியே ஒட்டிக்கொள்ளும்; அந்தக் கோணலை அப்புறம் சரிசெய்யவே முடியாது. ஆறியபின் 12½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 12 நிற்கும். அச்சுப் படத்தின்மேல் நேராக இஸ்திரி படக்கூடாது, உருகிவிடும். தைக்க, முனை சற்று உருண்டிருக்கும் பால்பாயின்ட் ஊசியே நல்லது. சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும்.