உங்கள் கையைத் தேடி வருகிறவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரோட்டில், பல கிளைகள் கொண்ட ஓர் அழகு நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். திரெட்டிங்கில் தொடங்கியவள், இன்று மணப்பெண் அலங்காரத்தை என்னிடம்தான் கொடுக்கிறார்கள். நான் பழக்கிவிட்ட இரண்டு பெண்கள் வேறு கிளைகளுக்கு மேலாளர்களாகப் போய்விட்டார்கள். எனக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லி என்னை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டவில்லை. வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்துச் சொந்தமாகப் பார்லர் திறக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் பயப்படுகிறார்கள். 36 வயதில் இந்த ரிஸ்க்கை எடுக்கலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

எடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இன்னொருவருடைய பெயர்ப்பலகையின் கீழ் இதுவரை செய்த வேலையை இனி உங்கள் பெயரில் செய்வது ஒன்று. முன்பணம், வாடகை, ஏசி, மின்கட்டணம், உதவிக்கு ஆள் என்று ஒரு கடையைச் சுமப்பது இன்னொன்று. முதலாவதை நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம். இரண்டாவதற்கு இப்போது அவசரமே இல்லை.

நான் 31 வயதில் வளையல்களை அடகு வைத்துக் கடை திறந்தவள். திறந்தது ஆனி மாதத்தின் நடுவில். அடுத்து வந்த ஆடியில் முகூர்த்தமே கிடையாது. ஆவணியில் கிடைத்த நான்கு கல்யாணங்களின் வருமானம் நிலுவை வாடகைக்குப் போனது. புரட்டாசியில் மறுபடியும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மார்கழி முடிவதற்குள் கட்டடக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். வளையல்களை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் வீடு வீடாகவும் மண்டபம் மண்டபமாகவும் போய் வேலை செய்தபோதுதான், என்னிடம் வந்த மணப்பெண்களில் ஒருவர்கூடக் கடையின் அழகைப் பார்த்து வந்தவரில்லை என்பதை உணர்ந்தேன். அதிகாலை மூன்று மணிக்கு மணமகள் அறையில் தன் முகத்தைத் தொடப்போவது யாருடைய கை என்பதையே அவர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது அந்தக் கைதான்.

துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாக மேடம் சி. ஜே. வாக்கரைச் சொல்வார்கள். 1867இல் அமெரிக்காவின் லூசியானாவில், அடிமைகளாக வாழ்ந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்து, பல ஆண்டுகள் துணி வெளுத்துப் பிழைத்த கறுப்பினப் பெண் அவர். 1905இல், உங்களைவிட ஒரு வயதே மூத்தவராக, மிகச் சொற்பமான பணத்துடன் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே, வேறொரு பெண்மணியின் கூந்தல் பராமரிப்புப் பொருள்களுக்கு முகவராக இருந்துகொண்டே, வாடிக்கையாளர்களைச் சேர்த்தார் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தன் பெயரில் பொருள் விற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இண்டியானபொலிஸ் நகரில் நிறுவனத்தை நிலைநிறுத்தியபோது ஆண்டு 1910.

ஆகவே முதலில் உங்கள் முதலாளியிடம் பேசுங்கள். கல்யாண வேலைகளுக்குத் தனியாகக் கமிஷன் கேளுங்கள். அல்லது வார விடுமுறையில் வெளியே வேலை செய்ய அனுமதி கேளுங்கள். ஒன்பது ஆண்டுகள் கேட்காமல் இருந்தவருக்கு இந்தப் பேச்சே பெரிய ரிஸ்க் என்பது எனக்குத் தெரியும். மறுத்தால், ஐப்பசி முடிவில் விலகுங்கள். தை, மாசிக் கல்யாணங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நேரம் அதுதான். நிலையத்தின் வாடிக்கையாளர் எண்களை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். உங்களைத் தேடுகிறவர்கள் விசாரித்து வந்துவிடுவார்கள். நகையைத் தொடாதீர்கள். தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல கிட் மட்டுமே. அதற்கு, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டமான முத்ராவின் சிஷு பிரிவில், அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை வங்கியில் கடன் கேட்கலாம்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள், தங்களுக்கு வரும் நஷ்டத்தைக் குறைப்பதற்காக அதை வாடிக்கையாளர் மேல் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி விலைக்குக் கிடைக்கும் போலி ஃபவுண்டேஷன், காலாவதியான மஸ்காரா, 48 மணி நேரத்துக்கு முன்பு தோலில் தடவிச் சோதிக்காமல் பூசும் தலைச்சாயம் ஆகியவற்றுக்கான விலையைக் கொடுப்பவர் நீங்கள் அல்லர். போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். முகூர்த்த நாளன்று வீங்கிப்போன ஒரு பெண்ணின் முகத்துக்கு உங்களால் எதையும் ஈடாகக் கொடுக்க முடியாது.

உங்கள் பெயரில் வேலை செய்யத் தொடங்கியதும் இன்னொரு ரிஸ்க் தானாகவே வந்து சேரும். 1975இல் அறிமுகமான ஒரு சிவப்பழகு கிரீம், பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை 2020இல்தான் விட்டது. ‘பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டும்மா’ என்று கேட்கும் தாய்மார்கள் இன்னும் அதை விடவில்லை. நிலையத்தில் இருந்தவரை, கேட்டபடி செய்துகொடுப்பது உங்கள் வேலையாக இருந்திருக்கும். இனி, முன்கூட்டியே அலங்கரித்துப் பார்க்கும் ட்ரையல் அன்று அந்தப் பெண்ணின் கழுத்துக்கும் கைக்கும் பொருந்தும் நிறத்தில் ஃபவுண்டேஷன் போட்டு, வாசலுக்கு அழைத்து வந்து பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அம்மாவிடமும் பெண்ணிடமும் காட்டுங்கள். பெரும்பாலும் பெண் சம்மதித்துவிடுவாள். சில அம்மாக்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள்; கொடுத்துவிடுங்கள்.