முள்ளுக்காடு என்று எழுதப்பட்ட நிலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊருக்கு மேற்கே நூறு ஏக்கர் அளவுக்கு மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. அங்கே தொழிற்பேட்டை அமைக்கப் போகிறார்கள். திட்ட அறிக்கையில் செடிகொடி, விலங்கு பற்றி ஒரே ஒரு பக்கம்தான். ‘காய்ந்த புல்லும் முட்புதர்களும் உள்ளன. அரிய உயிரினங்கள் எதுவும் காணப்படவில்லை’ என்று முடித்துவிட்டார்கள். ஏப்ரலில் இரண்டு நாள் வந்து பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நான் அங்கே கௌதாரி, முயல், உடும்பு, நரி எல்லாம் பார்த்திருக்கிறேன். கீதாரிகள் ஆடு மேய்க்க வருவார்கள். ஆனால் ஊரிலேயே பலர், ‘வெறும் முள்ளுக்காடுதானே, நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும்’ என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நிலத்தில் இருக்கும் உயிர்களுக்கு என்ன ஆபத்து என்று எப்படித்தான் கணிப்பது?

தென்மாவட்ட வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறைத்தது ‘ஏப்ரல்’ என்ற சொல்தான்.

உங்கள் பக்கத்து நிலத்துக்கு உயிர் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். ஒருபருவப் புல்லும் சிறு பூண்டுகளும் அப்போது முளைத்து, பூத்து, தைக்குள் விதை உதிர்த்துவிடும். சித்திரையில் போய்ப் பார்ப்பவருக்குக் காய்ந்த தாள்தான் தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் விதையை யாரும் எண்ணுவதில்லை. பூனைப்பருந்துகளும் அப்படித்தான். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்துகூட தென்தமிழகத்துக்கு வருகிற பறவைகள் அவை. மரத்தில் அடையாமல், இருட்டுகிற நேரத்தில் புல்லுக்குள் தரையிலேயே இறங்கி இரவைக் கழிக்கும். ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். ஆள்காட்டிக்கு மட்டும் அது முட்டையிடும் காலம். அதுவும் வெறுந்தரையில், கூழாங்கல் போலவே இருக்கும் முட்டை. பழகாத கண்ணுக்குக் காலடியில் இருந்தாலும் தெரியாது.

ஆகவே ‘காணப்படவில்லை’ என்பது, அந்த இரண்டு நாளில், அந்த நேரத்தில், வந்தவர்கள் கண்ணில் படவில்லை என்பது மட்டுமே. அதை ‘இல்லை’ என்று படிப்பதுதான் தவறு. அப்புறம் இன்னொன்று. நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அந்த ஒரு பக்கத்தை எழுதியவர் உங்கள் ஊரில் யாரையாவது கேட்டிருந்தால் போதும், அந்த வரி வந்திருக்காது.

இந்தப் பார்வைக் கோளாறு அறிக்கை எழுதியவரிடம் மட்டும் இல்லை. தாலுகா அலுவலகத்து ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று நிலத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள். வரி வாங்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வகுத்தவை இவை. அங்கே என்ன வாழ்கிறது என்பது அன்றைக்குக் கேள்வியே இல்லை. இன்றும் மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம், சதுப்புநிலம், மணற்பரப்பு எல்லாம் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. ஒரு திட்டத்துக்கு இடம் தேடுபவர் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலை. ஆபத்தைக் கணிக்க ஆள் வருவதற்குள், இழக்க அங்கே ஒன்றுமில்லை என்று பாதி முடிவாகிவிடுகிறது.

சென்னைப் பள்ளிக்கரணையில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு. தென்சென்னையின் ஏரிகளில் மிகுந்த தண்ணீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொடும். கோரையும் சம்பும் மண்டிய அந்த நீரில் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் வாழ, குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் வரும். பெருங்குடியில் நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். நடுவே சாலை போட்டார்கள். ரயில் நிலையம் வந்தது, அரசு ஆய்வு நிறுவனங்கள் வந்தன, மென்பொருள் நிறுவனங்களும் குடியிருப்புகளும் வந்தன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால், பெரிய சதுப்பில் ஒரு சின்ன மூலை. எல்லாம் சேர்ந்தபோது மிஞ்சியது சுமார் 600 ஹெக்டேர்தான். 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. வேளச்சேரியில் வீட்டுக்குள் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு, கழுவெளி எதற்காக இருந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட ‘எப்படிக் கணிப்பது’ என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதற்குள் இருக்கிறது. நூறு ஏக்கரை மட்டும் வேலி கட்டிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கண்மாய்க்குப் போகிறது? நரி எங்கிருந்து எங்கே நடக்கிறது? சுற்றுவட்டாரத்தில் கடந்த இருபது ஆண்டில் எத்தனை மேய்ச்சல் நிலம் போய்விட்டது, இது கடைசித் துண்டா? திட்டத்துக்காக வரப்போகும் சாலை, மின்கம்பி எதன் வழியில் குறுக்கிடும்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த கானமயில் இன்று முக்கியமாக ராஜஸ்தானில்தான் மிஞ்சியிருக்கிறது. 15 கிலோ வரை எடை கொண்ட, நேர் எதிரே சரியாகப் பார்க்க முடியாத அந்தப் பறவைக்கு இன்றைய பெரிய எமன், சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகள். உச்ச நீதிமன்றம் 2021இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்திவிட்டது. கம்பி கடந்துபோகிற வெளி, எந்த ஒரு மின் திட்டத்தின் எல்லைக்குள்ளும் முழுசாக அடங்குவதில்லை.

உங்கள் அறிக்கை ஒரு பக்கத்தோடு முடிந்ததற்குச் சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 500 ஹெக்டேருக்குக் குறைவான தொழிற்பேட்டையில் அந்த அறிவிக்கை பட்டியலிட்ட தொழில்கள் எதுவும் இல்லை என்றால் பொதுவாகச் சுற்றுச்சூழல் முன்அனுமதியே தேவையில்லை. உங்களுடையது சுமார் 40 ஹெக்டேர். அப்படி முன்அனுமதி தேவைப்படாவிட்டால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அப்போது உங்களுக்கு இருக்கிற மேடை கிராம சபை.

வேலை கேட்கிறவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். இதே தொழிற்பேட்டைக்கு வேறு இடம் பார்த்தார்களா, பார்த்தால் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேளுங்கள். மூடிக் கிடக்கும் ஆலை வளாகம் பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். ‘ஈடாக மரக்கன்று நடுகிறோம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் திறந்த புல்தரைதான் வீடு. மிச்சமிருக்கிற புல்தரையில் கொண்டுபோய் மரம் நட்டால் அதுவும் போய்விடும்.

இப்போதே ஒரு நோட்டை எடுங்கள். பார்த்தது எதுவானாலும் தேதி, நேரம், சர்வே எண் போட்டு எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீதாரிகளிடம் எந்த மாதத்தில் எந்தப் புல் வரும், எத்தனை ஆடு மேயும் என்று கேட்டு அவர்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் 1 அன்று கிராம சபை கூடும். அதற்குள் முதல் மழை பெய்திருக்கும், பூனைப்பருந்துகளும் வரத் தொடங்கியிருக்கும். ஊரில் முள்ளுக்காடு என்று சொல்லும் நான்கு பேரையாவது கூட்டிக்கொண்டு மாலை ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள். பேசாமல், மேற்கே பார்த்து. எத்தனை இறங்குகின்றன என்று எண்ணி எனக்கும் எழுதுங்கள்.