அல்சைமர் மூளையில் ஜிஎஸ்கே-3 புரதத்தின் அளவு மாறவில்லை என்றால் என் சோதனை தவறா?

அல்சைமர் நோயாளிகளின் மூளை மாதிரிகளில் ஜிஎஸ்கே-3 பீட்டாவை (மற்ற புரதங்களில் பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துண்டை ஒட்டும் நொதி) வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனையில், பார்த்தீர்கள், நோயில்லாத மூளையில் உள்ள அளவேதான் வருகிறது, புத்தகமோ அது நோயில் அதிகமாக வேலை செய்கிறது என்கிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் ஆய்வு மாணவர், அடுத்த வாரம் வழிகாட்டியிடம் எதையாவது காட்டியாக வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியில்லை என்றால் மன்னிக்கவும்.

அளவு மாறாதது தப்பே இல்லை. வீட்டில் எத்தனை சுவிட்ச் இருக்கிறது என்று எண்ணிவிட்டு எத்தனை விளக்கு எரிகிறது என்று சொல்ல முடியுமா? சமிக்ஞைப் புரதங்களில் பார்க்க வேண்டியது பாஸ்பேட் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். அதிலும் ஜிஎஸ்கே-3 பீட்டா கொஞ்சம் கோணலான ஆள். சும்மா விட்டால் வேலை செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் சமிக்ஞை வந்தால் ஏகேடி என்ற இன்னொரு கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் நொதி) அதன் 9-வது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அடக்கி வைக்கும். அல்சைமர் மூளையில் இன்சுலின் சமிக்ஞை பலவீனமாகிறது, அதனால் இந்தக் கடிவாளம் தளர்கிறது, நரம்பு செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் டாவ் புரதத்தின் மேல் ஜிஎஸ்கே-3 பாஸ்பேட்டை அள்ளி ஒட்டுகிறது, டாவ் நுண்குழாய்களை விட்டு விலகி முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

இந்தக் கதையை நிரூபிக்கத்தான் நானும் கிளம்பினேன். 8 நோயாளிகளின் மாதிரிகள், நோயில்லாத 6 பேரின் மாதிரிகள். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பிலிமை டெவலப்பரில் ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். இடப்பக்கம் நோயாளிகளின் எட்டுப் பட்டைகளும் மை கொட்டியது போல எழும்பி வருகின்றன. வலப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அது செரின்-9 பாஸ்பேட்டை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி. பட்டை கறுப்பாக வந்ததும், 'நோயில் ஜிஎஸ்கே-3 தூள் கிளப்புகிறது' என்று மனம் போட்ட கூத்து இருக்கிறதே! கறுப்பாக இருந்தால் அடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம் என்பது மறுநாள்தான் உறைத்தது. சரி, அப்படியானால் அதே மாதிரிகளில் டாவ் மேல் பாஸ்பேட்டும் ஏன் நோயாளிகள் பக்கமே ஏறியிருக்கிறது? கதையே தலைகீழ். இரண்டு மாதம் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன். பாஸ்பேட் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு, அது கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் போடும் பால் பவுடர் கரைசல் ஆகாது, பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம்தான் என்று யாரோ சொல்ல, ஆல்புமினுக்கு மாறிப் பார்த்தேன். படம் சுத்தமாக வந்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

அப்புறம் ஒரு நாள் மாதிரிகளோடு வந்த தாளைப் புரட்டினேன். இறந்ததிலிருந்து மூளையை உறைய வைத்தது வரைக்குமான நேரம் அதில் இருந்தது. நோயாளிகளுக்கு நாலைந்து மணி நேரம். மற்ற ஆறு பேருக்கு 18 மணி நேரத்துக்குக் குறையவில்லை. நோயாளிகளின் குடும்பத்தார் முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருந்தார்கள், அதனால் வேகமாக எடுத்திருக்கிறார்கள். இறந்த பிறகு பாஸ்பேட்டை ஒட்ட ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, பாஸ்பேட் வருவதும் இதிலிருந்துதான்) கிடையாது, உரித்தெடுக்கும் பாஸ்பட்டேஸ்களோ கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நான் அளந்தது நோயை இல்லை, கடிகாரத்தை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. நோயில்தான் டாவில் பாஸ்பேட் ஏறும் என்று நம்பப்பட்ட பல இடங்களில், உயிரோடிருப்பவர்களிடம் அறுவைச் சிகிச்சையில் எடுத்த சாதாரண மூளைத் துணுக்கிலும் பாஸ்பேட் இருக்கிறது என்று 1994-லேயே காட்டிவிட்டார்கள். உடனே யாராவது 'அப்போ டாவ் விஷயமே பொய்யா' என்று வருவீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. நோயில் டாவ் மேல் பாஸ்பேட் மிக அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஜிஎஸ்கே-3தான் குற்றவாளி என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். அதை அடக்கும் டைடெக்ளுசிப் மருந்தை 306 நோயாளிகளிடம் சோதித்து, பலனில்லை என்று 2015-இல் வெளியிட்டார்கள். நான் மருத்துவரும் இல்லை, ஆய்வகத்தில் கை நனைத்தவன், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாளைப் பார்க்கும் முன்பே என் படத்தை ஒரு மாநாட்டுச் சுவரொட்டியில் போட்டார்கள். என் பெயர் நான்காவது. படம் தப்பு என்று நான் சொன்ன பிறகு முதல் பெயராக ஆக்கித் தருகிறோம் என்றார்கள். அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொத்த ஜிஎஸ்கே-3, செரின்-9 இரண்டையும் பார்த்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். திசுவை அரைக்கும்போதே பாஸ்பட்டேஸ் தடுப்பான் போடுங்கள், பிறகு போட்டுப் பயனில்லை. அதற்கெல்லாம் முன்னால் மாதிரி கொடுத்தவர்களிடம் அந்த நேரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் பிளாட் போட உட்காராதீர்கள்.