நான்கு பாட்டில் மருந்தைக் குழம்பாமல் குழந்தைக்குக் கொடுப்பது எப்படி?

இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, சளி மருந்து, ஆன்டிபயாடிக், வலிப்பு வராமலிருக்க க்ளோபாசம் எல்லாம் சேர்ந்துவிட்டது, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகளுக்கும் அந்த வயதில் காய்ச்சல் வலிப்பு வந்தது. அப்புறம் காய்ச்சல் என்றாலே எங்கள் வீட்டில் இதே நிலைதான். அப்போது அவள் எடை 11 கிலோ. டாக்டர் பாராசிட்டமால் 120 சிரப் 7 மில்லி எழுதியிருந்தார். கடையில் 120 இல்லையென்று 250 கொடுத்துவிட்டார்கள். பெயர் ஒன்று, பெட்டியும் கிட்டத்தட்ட அதே மாதிரி. சிரிஞ்சில் 7 மில்லி உறிஞ்சிய பிறகுதான் அந்த 250 கண்ணில் பட்டது. 120 என்றால் 5 மில்லியில் 120 மில்லிகிராம். 7 மில்லிக்கு 168. இதில் அதே 7 மில்லி 350! கை நடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து பெட்டியின் முன்பக்கப் பெயரை நம்புவதில்லை. திருப்பி, பொடி எழுத்தில் என்ன மருந்து, 5 மில்லியில் எவ்வளவு என்று படிப்பேன். நீங்களும் முதலில் சளி மருந்தைப் பாருங்கள். பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும்; காய்ச்சல் மருந்தோடு சேர்ந்தால் இரட்டை டோஸ். சளி மருந்துகளில் வரும் குளோர்பெனிரமின், ஃபீனைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. குளோர்பெனிரமின் தூக்கம் வரவழைக்கும், க்ளோபாசமும் அப்படித்தான். அந்தச் சளி மருந்துப் பாட்டிலைக் காட்டி டாக்டரைக் கேளுங்கள்.

சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், அளவு சிரிஞ்ச்தான். பால் பாட்டிலில் கலந்தால் பாதிப் பாலோடு மருந்தும் மிஞ்சிவிடும். கக்கிவிட்டால் உடனே மறுபடி ஊற்றாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த கையோடு மணியை எழுதுவோம். ராத்திரி மாமியார் "பிள்ளைக்கு அனலாக் கொதிக்குதே" என்று எழுந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்.

தப்பித் தவறி அதிகமாகப் போய்விட்டால், குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பாராசிட்டமால் ஈரலைப் பாதித்தாலும் முதல் நாள் வெளியே தெரியாமல் இருக்கலாம். யார் கொடுத்தது என்ற சண்டையெல்லாம் அப்புறம். பாட்டிலையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.