டொமைன் விற்பவர்களுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஒரு டொமைன் பெயர் (இணையதள முகவரி) காலியாக இருக்கிறதா என்று ஒரு ரிஜிஸ்ட்ரார், அதாவது அந்தப் பெயர்களைப் பதிவு செய்து விற்கும் நிறுவனத்தின், தளத்தில் தேடினேன். இரண்டு நாள் கழித்து வாங்கப் போனால் யாரோ பதிவு செய்துவிட்டார்கள். நாம் தேடுவதைப் பார்த்து அவர்களே எடுத்துக்கொள்வார்களா? இந்த நிறுவனங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

உங்கள் விஷயத்தில் அவர்கள்தான் எடுத்தார்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆனால் அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஏனென்றால் ஒருமுறை வெளிப்படையாகவே நடந்திருக்கிறது. 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் (1999 வரை .காம் பெயர் வேண்டுமென்றால் இவர்களிடம்தான் போக வேண்டும், வேறு வழியே கிடையாது) தன் தளத்தில் யார் எந்தப் பெயரைத் தேடினாலும் உடனே அதைத் தானே பதிவு செய்து நான்கு நாள் பிடித்து வைத்துக்கொண்டது. அந்த நான்கு நாளும் அந்தப் பெயரை வேறு எங்கும் வாங்க முடியாது. வேண்டுமானால் அவர்களிடமே வாங்க வேண்டும், மற்ற இடங்களில் பத்து டாலருக்குள் கிடைப்பதற்கு அவர்கள் கேட்டது சுமார் 35 டாலர். கேட்டபோது, தேடல்களை வேவு பார்த்துப் பெயரைக் கொத்திக்கொண்டு போகிறவர்களிடமிருந்து வாடிக்கையாளரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள்! வழக்கு வந்தது, திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், பதிவு செய்த பெயரை ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் ரிஜிஸ்ட்ராருக்குத் திரும்பிவிடும் என்று ஒரு விதி இருந்தது. எழுத்துப்பிழையோடு பதிவு செய்துவிட்டவர்களுக்காக வைத்த சலுகை. அதைப் பிடித்துக்கொண்டு சிலர் லட்சக்கணக்கில் பெயர்களைப் பதிவு செய்து, விளம்பரப் பக்கம் போட்டு, எதில் நாலு காசு விழுகிறது என்று பார்த்துவிட்டு மீதியை ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலீடு பூஜ்யம். டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பு 2008-லும் 2009-லும் இப்படி அளவுக்கு மீறித் திருப்பிக் கொடுப்பதற்குக் கட்டணம் வைத்தது, அவ்வளவுதான், இந்த விளையாட்டு 99 சதவீதத்துக்கும் மேல் நின்றுபோனது. அதனால் இன்றைக்குப் பழைய பாணியில் எல்லாப் பெயரையும் அள்ளிப் போடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. நீங்கள் தேடிய பெயர் என்றைக்குப் பதிவானது என்று ஹூயிஸ் தேடலில் (ஒரு பெயரின் பதிவு விவரங்களைக் காட்டும் பொதுத் தேடல்) பாருங்கள். பல வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தால் முதல் நாள் காட்டிய 'காலி' என்பதே தப்பு.

சரி, நம்பலாமா என்ற பெரிய கேள்விக்கு வருகிறேன். நான் சில சிறு நிறுவனங்களுக்குத் தளம் பராமரித்துக் கொடுக்கிறவன், டொமைன் புதுப்பிப்பதும் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்வது இது: யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்ப்பதைவிட லாபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு .காம் பெயருக்கு, எல்லா .காம் பெயர்களையும் நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்துக்கு ரிஜிஸ்ட்ரார் கட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. அதோடு ஐகானுக்குச் சில்லறையாக ஏறக்குறைய 20 சென்ட். அப்புறம் கார்டு கட்டணம், வாடிக்கையாளர் சேவை. இந்த நிலையில் ஒருவர் முதல் வருடத்தை ஒன்றிரண்டு டாலருக்குத் தருகிறார் என்றால் அந்த நஷ்டத்தை உங்களிடமே வேறு எங்கோ எடுத்தாக வேண்டும். சர்ச்சைகள் எல்லாம் அந்த 'வேறு எங்கோ'வில்தான் இருக்கின்றன.

முதல் இடம் பில் போடும் பக்கம். தானாக டிக் ஆகியிருக்கும் மின்னஞ்சல் சேவை, ஹோஸ்டிங், பாதுகாப்புப் பேக்கேஜ். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், டிக்கை எடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் 2014-ல் அதே நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் சில வாடிக்கையாளர்களுக்கு வெப்லாக் என்ற பாதுகாப்புத் திட்டத்தில் நாங்களே உங்களைச் சேர்த்துவிடுகிறோம், வேண்டாமென்றால் நீங்கள் சொல்லுங்கள் என்று மெயில் அனுப்பியது. முதல் வருடக் கட்டணம் 1,850 டாலர். வந்த கூச்சலில் பின்வாங்கினார்கள். டொமைன் உரிமையாளரின் முகவரியை ஹூயிஸில் தெரியாமல் மறைத்து வைக்கும் சேவைக்குத் தனிக் காசு வாங்குவதும் இந்த வகைதான். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த 2018-க்குப் பிறகு பெரும்பாலான விவரங்கள் ஹூயிஸில் எப்படியும் மறைந்தே இருக்கின்றன, பல இடங்களில் இது இலவசம். இன்னும் யாராவது அதற்குப் பில் போட்டால் அந்த ஒன்றை வைத்தே அவர்களை எடை போட்டுவிடலாம்.

உண்மையான பணம் காலாவதியான பெயர்களில் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாத இடமும் இதுதான். பெயர் காலாவதியான மறுநாளே பொதுவுக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. .காம் போன்றவற்றில் முதலில் அதிகபட்சம் 45 நாள் ரிஜிஸ்ட்ராரின் கையில் இருக்கும், அப்போது வழக்கமான விலையிலேயே புதுப்பிக்கப் பெரும்பாலோர் விடுவார்கள். அதற்குப் பிறகு நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், இதில் திரும்ப எடுக்கப் பல மடங்கு கட்டணம். கடைசியாக ஐந்து நாள் காத்திருப்பு, அப்புறம்தான் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் கொஞ்சமாவது மதிப்புள்ள பெயர் இந்தப் பாதையின் கடைசி வரை போவது அபூர்வம். அந்த முதல் 45 நாளுக்குள்ளேயே ரிஜிஸ்ட்ரார் அதை ஏலத்தில் விட்டு, நீக்காமலே புதியவர் பெயருக்கு மாற்றிவிடுவார். நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி எழுதியிருக்கும். திருட்டு என்று சொல்ல முடியாது, சட்டப்படி சரிதான். ஆனால் நீங்கள் மறந்துபோனால் அதிக லாபம் அடைகிறவர்தான் உங்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டியவர் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் காலாவதியான ஐந்து நாளுக்குள்ளும் கட்டாயம் மெயில் போட வேண்டும் என்று ஐகான் விதி வைக்க வேண்டியிருந்தது. ஏலமாவது ஒழுங்காக நடந்ததா என்றால், 2009-ல் ஸ்நாப்நேம்ஸ் என்ற ஏல நிறுவனம் தன்னுடைய அதிகாரி ஒருவரே 2005 முதல் புனைபெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

வெளியாள் செய்கிற பித்தலாட்டம் ஒன்றும் உண்டு. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்துக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பார்த்தால் அசல் பில் மாதிரி, டொமைன் காலாவதியாகிறது உடனே கட்டுங்கள் என்று. கணக்குப் பிரிவினர் கட்டத் தயாராகவே இருந்தார்கள். உண்மையில் அது வேறொரு ரிஜிஸ்ட்ராருக்கு, மூன்று மடங்கு விலையில், மாறிக்கொள்ளும் விண்ணப்பம்! இந்த உத்திக்காக டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-லேயே நடவடிக்கை எடுத்தது. அப்படியும் அதோடு தொடர்புள்ள ரிஜிஸ்ட்ராரை ஐகான் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது 2014-ல்தான். பதினோரு வருடம்.

ஐகான் ஏன் இவ்வளவு மெதுவு என்று கேட்டால், 2007-க்கு முன் இன்னும் மோசம். ரிஜிஸ்டர்ஃபிளை என்ற நிறுவனம் உள்சண்டையில் நிலைகுலைந்து, பணம் கட்டியவர்களின் பெயர்கள்கூடப் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக்கொண்டிருந்தன. 2007-ல் அங்கீகாரத்தை ரத்து செய்து, மிச்சமிருந்த பெயர்களைக் கோடாடி என்ற இன்னொரு ரிஜிஸ்ட்ராரிடம் மாற்றினார்கள். வாடிக்கையாளர் விவரங்களை மூன்றாம் நபரிடம் பிரதி எடுத்து வைக்கும் விதி ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. இந்தக் குளறுபடிக்குப் பிறகுதான் அதை நிஜமாகவே அமல்படுத்தினார்கள்.

நம்பிக்கை என்பதைப் பணத்தை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். அதே 2007 ஜனவரியில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் கேட்டுக்கொண்டது என்பதற்காகக் கோடாடி, செக்லிஸ்ட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு பற்றிய மின்னஞ்சல் காப்பகத்தின் டொமைனையே முடக்கியது. யாரோ திருடிய மைஸ்பேஸ் பாஸ்வேர்டுகள் அதில் ஒரு பக்கத்தில் இருந்தன, உரிமையாளருக்குப் பதில் சொல்ல அவகாசமே தரவில்லை. ஒரு பக்கத்துக்காக முழுத் தளமும் போனது.

நீங்கள் ரிஜிஸ்ட்ராரை மாற்ற நினைத்தால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகத் தேவையான இடமாற்றக் குறியீட்டைக் கேட்ட ஐந்து நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும், பெரும்பாலான இடங்களில் நீங்களே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகாத பெயரை மாற்ற விடமாட்டார்கள், அது அவர்கள் குறும்பு அல்ல. உரிமையாளர் விவரத்தைத் திருத்தினாலும் பல இடங்களில் அதே 60 நாள் பூட்டு விழும், ஆகவே முதலில் மாற்றிவிட்டு அப்புறம் விலாசத்தைத் திருத்துங்கள். குறியீட்டைத் தராமல் இழுத்தடித்தால் ஐகான் தளத்திலேயே புகார் படிவம் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லாமல் ரிஜிஸ்ட்ரார் இருக்க முடியாது. விலையைக் கூட்டிவிட்டார்கள் என்று மட்டும் அங்கே எழுதாதீர்கள், ரிஜிஸ்ட்ரார் என்ன விலைக்கு விற்கிறார் என்பதில் ஐகான் தலையிடாது.